அளவுச் சட்டை இல்லாத வயது

தையற்காரம்மாவின் இரண்டாவது மகளுக்குப் பதினேழு வயது தொடங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பதினெட்டு இன்னும் வரவில்லை. ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த அந்தத் தையல் கடைக்குச் சீருடை தைக்கக் கொடுக்க வருவார்கள். உள்ளே பள்ளிச் சீருடையிலேயே உட்கார்ந்து ஹெம்மிங் பண்ணிக்கொண்டிருக்கும் அவளைப் பார்த்து, "நீ மட்டும் அப்படியே இருக்கே, குடுத்து வெச்சவ" என்று சொல்லிவிட்டு, என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போவார்கள். குடுத்து வைத்தவளாம். மோவாயில் வந்த ஒரு பரு ஒன்பது வருடமாகப் பழுக்காமலும் அமுங்காமலும் ஒரே இடத்தில் நின்று வலித்தால் இவர்களுக்குத் தெரியும், யார் குடுத்து வைத்தவள் என்று.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஊர்த் தையற்காரர்களின் பழக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கே யாரும் ஆளை அளப்பதில்லை. துணியோடு, நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுதான் அளவுச் சட்டை. அதை மேசையில் விரித்து, டேப்பை அதன்மேல் ஓட்டி, அதில் இருப்பதை அப்படியே புதுத் துணியில் வெட்டுவார்கள். அளவுச் சட்டையில் இடது தோள் இறங்கியிருந்தால் புதுச் சட்டையிலும் இறங்கும். கேட்டால், "நீங்க குடுத்தது அப்படித்தானே இருக்கு" என்பார்கள். தையற்காரம்மா இந்த விஷயத்தில் எல்லோரையும் விடக் கறார். அளவுச் சட்டையில் ஒரு பொத்தான் இடம் மாறித் தைத்திருந்தால் அவர் தைத்ததிலும் அது அந்த இடத்தில்தான் இருக்கும். பொத்தானுக்குத் துளை எடுப்பதைக் காஜா என்பார்கள்; அந்த வேலையை அவருடைய கணவர் செய்தார். ஊருக்கு அவர் காஜாக்காரர். மனைவி ஒன்று சொன்னால் மறு பேச்சுப் பேசாதவர், பேசினாலும் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதால் யாருக்கும் புரியாது.

தையற்காரம்மா அந்தப் பழக்கத்தை அதுவரை ஒரே ஒரு முறைதான் மீறியிருந்தார். மூத்த மகள், வீட்டில் பெரியவள், பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் விடைபெறும் விழாவுக்கு ஒரு கவுன் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பழைய சட்டையைப் பார்த்துத் தைத்தால் பழைய சட்டை மாதிரிதான் வரும், என்னை நிற்க வைத்து அளந்து தை என்றாள். அம்மாவும் மனம் இளகி, டேப்பை மகளின் உடம்பில் வைத்து அளந்தார். டேப் இடுப்பைச் சுற்றியபோது பெரியவள் கூச்சம் தாங்காமல் சிரித்ததைத் தெருவே கேட்டது. அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது, அந்த வாரமே போய்விட்டாள். கவுனுக்கு ஒரு கை இன்னும் மூட்டவில்லை. அப்படியே போட்டுத்தான் அனுப்பி வைத்தார்கள். காய்ச்சலுக்கு டாக்டர்கள் நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். அது தையற்காரம்மாவின் காதில் ஏறவே இல்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையை அளந்தோம், போய்விட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அதன் பிறகு அவருடைய டேப் எந்த உடம்பையும் தொடவில்லை.

ஊருக்கு வெளியே கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் ஆஸ்பத்திரி அப்போதுதான் வந்திருந்தது. நகல் ஆஸ்பத்திரி என்றால் ஆட்டோக்காரர் யாரும் வழி கேட்க மாட்டார். புருஷனும் பெண்டாட்டியும் பெரியவளின் சீப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதில் சிக்கியிருந்த முடி போதும், அதிலிருந்தே நகல் எடுத்துவிடலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். அடுத்த வருடம், துண்டில் சுற்றிய குழந்தை ஒன்றை நீட்டினார்கள். "ஒரிஜினல்ல என்ன இருக்கோ அதுதான் இதுலயும் இருக்கும். கூடவும் இருக்காது, கொறையவும் இருக்காது" என்றார் டாக்டர். இதுலயும். கையைக் காலை உதைத்துக்கொண்டு அழுகிற ஒரு குழந்தையைப் பார்த்து ஒரு படித்த மனிதர் சொன்ன வார்த்தை அது. பெற்றவர்கள் அதற்கு நன்றி சொன்னார்கள். பெயர் வைக்கும் வேலையும் மிச்சம். பெரியவளின் பெயரே இருந்தது. தெரு முழுக்க அந்தப் பெயராலேயே கூப்பிட்டது. காஜாக்காரர் மட்டும், மனைவி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, 'சின்னவளே' என்று கூப்பிடுவார்.

பெரியவளுடைய துணிகளை அம்மா ஒன்றுகூட வெளியே கொடுத்ததில்லை. வயதுக்கு ஒன்றாக, துவைத்து மடித்து, இரும்புப் பீரோவில் அடுக்கியிருந்தார். சின்னவளுக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்த வயதுக்கான உடுப்பை எடுத்து, மேசையில் விரித்து, அதே அளவில் புதிதாகத் தைத்தார். பொருந்துமா என்று போட்டுப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. சின்னவளின் உடம்பு சட்டைக்குத் தகுந்தபடி ஆகிக்கொண்டது. நகல் பிள்ளைகளின் உடம்பு அப்படி, கொடுத்ததை நம்பிவிடும். ஏழு வயதில் ஒரு முறை, அடுக்கு மாறி ஆறு வயது கவுனைப் பார்த்துத் தைத்துவிட்டார். அதைப் போட்ட இரண்டாம் நாள், சின்னவளுக்கு விழுந்திருந்த முன்பற்கள் இரண்டும் திரும்ப முளைத்து, அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படித்த பாடமெல்லாம் மறந்து போயிற்று. தவறு தெரிந்து சரியான கவுனைத் தைத்துப் போட்டதும் பற்கள் மறுபடி விழுந்தன. அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். ஒரே பல்லை இரண்டு முறை ஆட்டிப் பிடுங்கக் கொடுத்த பிள்ளைக்கு அது சிரிப்பாக இல்லை.

பெரியவள் பதினொரு வயதில் படியில் விழுந்து வலது கையை முறித்துக்கொண்டவள். மாவுக்கட்டு உள்ளே போகும்படி அந்த வருடச் சட்டையின் வலது கையை அம்மா அகலமாகப் பிரித்துத் தைத்திருந்தார். அந்தச் சட்டை பீரோவிலிருந்து வெளியே வந்தபோது, அகலமான கையைத் தையற்காரம்மா பார்க்காமல் இல்லை. கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தொழில் புத்தி ஜெயித்தது. அளவுச் சட்டையில் எப்படியோ அப்படி. வலது கை அகலமாகவே வெட்டப்பட்டது. சின்னவள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கும் விழாமல், எதிலும் இடிக்காமல், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை எடுத்தாள். எலும்பு முறிந்தது. சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நகல் ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அதே எடத்துல. இவ்வளவு சுத்தமா எங்கயும் வந்ததில்ல" என்று பக்கத்திலிருந்தவரின் முதுகில் தட்டினார். பிள்ளை வலியில் துடிக்கிறது, ஆள் முதுகு தட்டுகிறார். நல்லா இருக்குதே நியாயம். அன்று சின்னவள் அப்பாவிடம், "நான் விழவே இல்லப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தெரியும்மா" என்றார். தெரிந்து என்ன செய்தார் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை.

பள்ளிக்கூடம் மட்டும் சளைத்ததா என்ன. பெரியவளுக்குப் பாடம் எடுத்த ஆசிரியைகள் சிலர் இன்னும் வேலையில் இருந்தார்கள். பெரியவள் கணக்கில் சுமார். சின்னவளுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. ஒரு முழுச் சுருள் துணியில் எத்தனை பாவாடை வரும், எவ்வளவு வெட்டுத்துண்டு மிஞ்சும் என்று மனதிலேயே போட்டுச் சொல்வாள். ஆனால் விடைத்தாளைத் திருத்தினால்தானே? தலைமையாசிரியை பழைய மதிப்பெண்ணையே போடச் சொல்லியிருந்தார். சின்னவள் நேரில் போய்க் கேட்டாள். "உன் மார்க்குதானேம்மா அது? உன் பேர்தானே இருக்கு?" என்றார் அவர், பொறுமையாக, சிரித்த முகத்தோடு. சரியாகப் போட்ட கணக்கைப் பார்க்காமலேயே தப்பு என்று போடுகிறவர்களை என்ன செய்வது? சின்னவள் வீட்டுக்கு வந்து ஒரு கட்டு நூல்கண்டைச் சுவரில் எறிந்தாள். நூல் உருண்டு தெருவரைக்கும் போயிற்று. காஜாக்காரர் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தார்.

இப்படியே பதினேழு வந்தது. பீரோவில் கடைசியாக இருந்தது பெரியவளின் கடைசி வருடச் சீருடை. அதற்கு மேல் அளவு இல்லை. அதற்கு மேல் இருந்த ஒரே உடுப்பு, ஒரு கை மூட்டாத அந்த கவுன், பெரியவளோடு போய்விட்டது. பெரியவளுக்கு அதற்கடுத்து வந்தது காய்ச்சல். ஊரில் எல்லோரும் யோசித்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாவுக்கட்டுச் சட்டையை மறந்தவர் யாருமில்லை. பதினெட்டாவது பிறந்தநாள் நெருங்க நெருங்கத் தையற்காரம்மா சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். பிறந்தநாளுக்கு முந்தின மாலை, பதினேழு வயதுச் சீருடையை மறுபடியும் மேசையில் விரித்து, மறுபடியும் அதே அளவில் வெட்டினார். மறுநாள் சின்னவளுக்குப் பதினேழுதான் ஆயிற்று. அம்மா அன்று வயிறாரச் சாப்பிட்டார். அவருடைய பயம் பொய்யில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பயந்தவர் ஒருவர், அடைபட்டவள் வேறொருத்தி.

பள்ளிக்கூடச் சீருடை நீலத்திலிருந்து பழுப்புக்கு மாறியது. பழுப்பு கட்டம் போட்டதாக மாறியது, பிறகு சாம்பல் வந்தது. ஒவ்வொரு நிறத்திலும் அதே அளவு. பதினேழு வயதுப் பெண் கடைசி வகுப்பில்தான் இருக்க வேண்டும் என்பதால் சின்னவள் கடைசி வகுப்பிலேயே இருந்தாள். பெரியவள் இறுதித் தேர்வு எழுதாமல் போனதால் போடுவதற்கு மதிப்பெண் இல்லை, அதனால் முடிவும் வரவில்லை. முதலில் பக்கத்தில் உட்கார்ந்த சிநேகிதிகள் போனார்கள், பிறகு அவர்களுடைய தங்கைகள் வந்து போனார்கள், கடைசியில் சிநேகிதிகளில் ஒருத்தியே ஆசிரியையாக வந்து அவளை எழுந்து நிற்கச் சொன்னாள். அவளுடைய முடி நீளவில்லை. நகம் வெட்ட வேண்டியிருக்கவில்லை. மனது மட்டும் வருடத்துக்கு ஒரு வயதாக ஏறிக்கொண்டே போய், அந்தச் சின்ன உடம்புக்குள் இடம் போதாமல் திணறியது. டாக்டர் வருடத்துக்கு ஒரு முறை வந்து, சுற்றிப் பார்த்து, கண்ணுக்குக் கீழே விரலால் இழுத்துப் பார்த்து, ஒரு சுருக்கம்கூட இல்லை என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார்.

அவள் சும்மா இருந்தாள் என்று நினைக்கக் கூடாது. ஒரு முறை கடைவீதிக்குப் போய் ரெடிமேடு சட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். ரெடிமேடு யாருடைய அளவும் இல்லை. அதைப் போட்ட நிமிடம் அவளும் யாராகவும் இல்லாமல் போனாள். பஸ்ஸில் ஒருத்தர் அவள் மடிமேல் உட்கார்ந்தார். நடத்துனர் அவளைத் தாண்டிப் போய்ப் பின் இருக்கைக்குச் சீட்டுக் கொடுத்தார். வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாள், அப்பாகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே அதைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சீருடைக்குத் திரும்பினாள். ஊரில் இருந்த மற்ற தையற்காரர்களிடமும் போனாள். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: அளவுச் சட்டை எங்கே? கடைசியில் அம்மாவிடமே நேருக்கு நேர் நின்றாள்.

"எனக்கு வேற சட்டை தைச்சுக் குடும்மா."

"அளவு இல்லாம எப்படிடீ தைக்கிறது?"

"நான் இங்கதானே நிக்கிறேன்."

தையற்காரம்மா மெஷினை மிதித்தார். மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தாமல், "ஒருத்திய நிக்க வெச்சு அளந்தது போதும்" என்றார். சின்னவள் அதற்கு மேல் என்ன சொல்வாள்? நான் அவள் இல்லை என்று சொன்னால் அம்மாவின் வயிறு எரியும். நான்தான் அவள் என்று சொன்னால் இவள் எங்கே போவாள்? பல்லைக் கடித்துக்கொண்டு போய் ஹெம்மிங் பண்ண உட்கார்ந்தாள். அன்று அவள் போட்ட தையல் எல்லாம் இறுகிப்போய், மறுநாள் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

ஒன்பதாம் வருடம், சாம்பல் சீருடைக் காலத்தில், டாக்டர் ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கடைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். பேக்கரி வைத்திருப்பவர்கள். அவர்களுடைய ஒரே மகள் மூச்சுத்திணறலில் ஒன்பது வயதில் இறந்துவிட்டாள். நகல் எடுத்து நான்கு வருடம் ஆகிறது. அந்த நகல் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்துவரை பொத்தான் போட்ட இறுக்கமான கவுனில், வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. பேக்கரிக்காரரின் கையில் ஒரு பெரிய துணிப்பை. நான்கு வயதிலிருந்து ஒன்பது வரை, வரிசையாக அடுக்கிய அளவு உடுப்புகள். டாக்டர் சின்னவளைக் கூப்பிட்டு நடுக்கடையில் நிறுத்தி, தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"பாத்தீங்களா? ஒம்போது வருஷம். ஒரு நாள்கூட கூடல. உங்க பொண்ணையும் எட்டு வயசுலயே நிறுத்திடலாம். எட்டு வயசு கவுனையே திரும்பத் திரும்பத் தைக்கணும், அவ்வளவுதான். அம்மாவுக்கு இதுல நல்ல பழக்கம்."

பேக்கரிக்கார அம்மாவுக்குக் கண் கலங்கியது. என்றைக்கும் எட்டு வயதாகவே இருந்தால் என்றைக்கும் பக்கத்திலேயே இருக்கும் அல்லவா என்று தையற்காரம்மாவைப் பார்த்துக் கேட்டார். பழக்க தோஷத்தில் தையற்காரம்மாவின் கை போய்ப் பையை வாங்கி, மேலே இருந்த நான்கு வயது கவுனை மேசையில் விரித்துவிட்டது. கவுன் ஒடுங்கிய மார்பு உள்ள பிள்ளைக்குத் தைத்தது. இரண்டு பக்கமும் பிடித்துப் பிடித்து, மூச்சை இழுக்கவே இடம் இல்லாமல் இருந்தது. பக்கத்தில் நின்ற குழந்தையின் மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. "போன மாசத்துலேருந்து இப்படி. எங்க மொதப் பொண்ணுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சது" என்றார் பேக்கரிக்காரர், விலை ஏறிய மைதாவைப் பற்றிச் சொல்கிற குரலில்.

சின்னவளுக்கு அப்போது வந்ததுதான் கோபம். அதுவரைக்கும் வந்ததெல்லாம் தனக்காக வந்தது, விழுங்கிக்கொள்ள முடிந்தது. இது விழுங்க முடியாதது. அந்தப் பையின் அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், எதிரே நின்ற இரண்டு பெற்றவர்களுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். தெரிந்தே ஒரு குழந்தையின் மூச்சை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதிலிருந்து தப்ப வழி என்று தன் ஒன்பது வருடத்தைக் காட்டுகிறார்கள். அவள் நேராகப் போய் அம்மாவின் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினாள். தையற்காரம்மா, "தொடாத, அது வேண்டாம்" என்று எழுந்தார். சின்னவள் கேட்கவில்லை. குழந்தையின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, டேப்பை மார்பைச் சுற்றிப் போட்டாள்.

"இங்க இறுக்குதா?"

குழந்தை தலையாட்டியது.

"நல்லா மூச்சை இழு. இன்னும். பயப்படாத, டேப் உன்கூட வரும்."

குழந்தை இழுத்தது. டேப் ஓர் அங்குலம் நகர்ந்தது. மறுபடி இழுத்தது, மறுபடி நகர்ந்தது. மூன்றாவது முறை இழுத்தபோது விசில் சத்தம் நின்றுவிட்டது. காஜாக்காரர் ஊசியை வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். சின்னவள் தோள், கை, உயரம் என்று ஒவ்வொன்றாக அளந்து, அளந்ததைச் சத்தமாகச் சொன்னாள். கடைசியாக, "வேற என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டாள். குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாக்கெட்" என்றது.

"எங்க பொண்ணு பாக்கெட் கேட்டதே இல்லையே" என்றார் பேக்கரிக்கார அம்மா.

"இவ கேக்கறா."

டாக்டர் உத்தரவாதம், ஒப்பந்தம் என்று என்னவோ சொல்லத் தொடங்கினார். "அளந்து தைச்சா எதுக்கும் நாங்க பொறுப்பில்ல" என்றார். "எப்ப இருந்தீங்க?" என்றார் காஜாக்காரர். இத்தனை வருடத்தில் அவர் வாயில் ஊசி இல்லாமல் ஊரார் முன்னால் பேசிய முதல் வார்த்தை அது, எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்தது. டாக்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காரில் ஏறினார். பேக்கரிக்காரர்கள் போகவில்லை. குழந்தை ஆழமாக மூச்சு விட்டு விட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது; அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சின்னவள் டேப்பை அம்மாவிடம் நீட்டினாள். நடுக்கடையில், ஒன்பது வருடமாக மற்றவர்கள் சுற்றிப் பார்த்த அதே இடத்தில், கையைப் பக்கத்தில் தொங்கவிட்டு நேராக நின்றாள். தையற்காரம்மாவின் கையிலிருந்து டேப் இரண்டு முறை கீழே விழுந்தது. "எனக்கு பயமா இருக்குடீ" என்றார். "எனக்கும்தான். அளம்மா" என்றாள் மகள். அம்மா தோளில் டேப்பை வைத்தார். டேப் பட்டதும் தோள் அரை அங்குலம் விரிந்தது. கையை அளக்கக் கை நீண்டது. வலது கை, முறிந்து கூடிய கை, இடதைவிட ஒரு நூல் குட்டை; தையற்காரம்மா அந்த இடத்தில் விரலை வைத்து நின்றார், அப்புறம்தான் அடுத்ததுக்குப் போனார். பதினெட்டும் பத்தொன்பதும் கொட்டாவி மாதிரி வந்து போயின. இருபது இடுப்பில் தெரிந்தது. மோவாயிலிருந்த பரு பழுத்து உடைந்து ஆறிப்போனது. முடி தோளைத் தாண்டி முதுகுக்கு இறங்கியது, பின்னிய பின்னல் அவிழ்ந்துவிட்டது. சாம்பல் சீருடையின் தையல் அக்குளில் விட்டது, பிறகு முதுகில் விட்டது. காஜாக்காரர் ஒரு போர்வையை எடுத்து மகள்மேல் போர்த்தினார். போர்வைக்கு மேலேயே அம்மா மீதியை அளந்தார். இடுப்பைச் சுற்றி டேப் வந்தபோது எல்லோரும் எதிர்பார்த்தது நடக்கவில்லை, சின்னவளுக்குக் கூச்சமே வரவில்லை. பெரியவள் சிரித்த இடத்தில் இவள் சும்மா நின்றாள்.

தையற்காரம்மா அந்த இடத்தில்தான் உடைந்தார். டேப்பைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, பெரியவளின் பெயரைச் சொல்லி அழுதார். இருபத்தாறு வருடமாக அந்தப் பெயரைத் தினமும் கூப்பிட்டிருக்கிறார், சாப்பிட வா என்று, பல் தேய் என்று. செத்துப்போனவளாக நினைத்து ஒரு முறைகூடச் சொன்னதில்லை. மகள் அவர் பக்கத்தில் போர்வையோடு உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழும்மா. அவளுக்காக அழு" என்றாள். அக்காவை அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் அழுகை வந்தது. பேக்கரிக்காரர்கள் யாரும் சொல்லாமலே தங்கள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்கள். கடைக்கு ஹூக் வாங்க வந்த ஒருத்தர் நிலைமையைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் வருகிறேன் என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு உடுப்புகள் தைத்து முடிந்தன. ஒன்று, முன்னால் பெரிய பாக்கெட் வைத்த குட்டிக் கவுன். அதைப் போட்டதும் குழந்தை தெருவிலிருந்து ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனது. இன்னொன்று, இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு சட்டை. அளவுச் சட்டை இல்லாமல் அந்த ஊரில் தைத்த முதல் சட்டை என்பதால் காலர் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, ஏன் வரவில்லை என்று கேட்டது. "அவளுக்கு இருபத்தாறு. ஸ்கூலுக்கு எதுக்கு வரணும்?" என்றார் காஜாக்காரர். அந்த ஆளும், ஆமாம், அதுவும் சரிதான் என்று போய்ச் சொல்லிவிட்டது. தலைமையாசிரியை இத்தனை வருடம் கழித்து வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். வாழ்த்தாம். திருத்தாத விடைத்தாளை எல்லாம் அனுப்பச் சொல்லுங்கள் என்று சின்னவள் பதில் சொல்லி அனுப்பினாள். ஒன்றும் வரவில்லை.

பெயர் விஷயம் மூன்று நாளில் முடிந்தது. சின்னவள் தனக்கு ஒரு பெயரைத் தானே வைத்துக்கொண்டாள். அம்மா அதைச் சொல்லிப் பழக ஒரு மாதம் ஆயிற்று, நடுவில் பழைய பெயர் வாயில் வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார். பீரோவிலிருந்த துணிகளை யாருக்கும் கொடுக்கவில்லை, கிழிக்கவும் இல்லை, அவை பெரியவளுடையவை. மாவுக்கட்டுச் சட்டையை மட்டும் சின்னவள் கேட்டு வாங்கி, கத்தரிக்கோலால் நிதானமாக, துண்டு துண்டாக வெட்டினாள். மெஷின் துடைக்க அது ரொம்ப நாள் உதவியது. மற்ற நகல் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள், முதலில் பெற்றவர்களோடு, பிறகு தனியாக. சின்னவள் ஒவ்வொருத்தரையும் நிற்க வைத்து அளந்தாள். ஒரு பையனுக்கு டேப் பட்டதும் மச்சம் இடம் மாறியது. இன்னொரு பெண் கண்ணாடி போட ஆரம்பித்தாள். நகல் ஆஸ்பத்திரி வாசலில், அளந்து தைத்த உடுப்பு அணிந்து வருகிறவர்களுக்கு உத்தரவாதம் கிடையாது என்று பலகை வைத்தார்கள். அந்தப் பலகையை அதற்குப் பிறகு வெய்யிலும் மழையும் பார்த்துக்கொண்டன. ஊர்த் தையற்காரர்கள் மட்டும் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், ஆளை அளந்தால் ஆளே வந்து இது சரியில்லை அது சரியில்லை என்று சண்டைக்கு நிற்பார்களே என்று. அப்படித்தான் நின்றார்கள்.

சின்னவளுக்கு இப்போது முப்பத்துமூன்று வயது. போன வாரம், கடையில் தலை குனிந்து துணி வெட்டிக்கொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து அவள் வகிட்டில் விரலை வைத்தார். ஒரு நரை. மெஷின் விளக்கைத் திருப்பி அதன்மேல் அடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் குனிந்து பார்த்தார். பிடுங்கிவிடட்டுமா என்று மகள் கேட்டாள். "விடு, இருக்கட்டும்" என்றார் தையற்காரம்மா. காலர் வெட்டும் வேலை பாதியில் நின்றிருந்தது, மூன்று பேரும் அதைப் பார்க்கப் போனார்கள்.